இருக்கை வாரை அவிழ்க்கவும்

டார்ட்டுவில் மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
ஹீட்டர்மேல் என் கையுறைகள் காய்கின்றன.
வரிசையில் இருபத்தேழு படங்கள்,
எல்லாம் ஒருத்தி வரைந்தவை:
மைரித் ஒயாலா, ஹீயுமா தீவு.
பொது நூலகத்தில் சேருமுன்
பார்த்துச் சொல்லவேண்டியவள் நான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்
என்கிற கணக்கு இங்கே எடுபடாது.
பருக்கை பருக்கையாக நசுக்கிப் பார்க்கணும்.

முதலில் நிறங்களை அணைப்பேன்.
வெறும் கோடுகள் மிஞ்சும்,
எக்ஸ்ரேயில் எலும்பு மிஞ்சுவதுபோல.
அப்போது தெரிந்துவிடும்
ஒரு வளைவுக்கு நாற்பது புள்ளி குத்தியவர் யார்,
வட்டத்தை மூடாமலே
காபிக்கு எழுந்து போனவர் யார் என்று.

மைரித் அப்படியில்லை.
கடல்நாய்க்குப் பதினொரு புள்ளி,
மீசையில்கூடச் சிக்கனம்.
கலங்கரை விளக்கம், சரி.
பதினாறு பிக்சலுக்குச் சுருக்கியபோதும்
படகு படகாகவே இருந்தது.
ஜூனிப்பர் புதர்தான் முள்ளம்பன்றி ஆகிப்போனது;
மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினேன்.

பத்தொன்பதாவதில் நின்றேன்.
ஓட்டுநர், மார்புக்குக் குறுக்கே வார்,
வாரை வெட்டிக்கொண்டு ஒரு சிவப்புக் கோடு.
"பொருள் தலைகீழாக இருக்கிறது.
வார் அணியவேண்டும், கூடாது என்றல்ல.
திருத்தவும்" என்று எழுதினேன்.
அதோடு விட்டிருக்கலாம்.
"கொஞ்சம் கவனம்" என்று வேறு சேர்த்தேன்.

ஏழு நிமிடத்தில் பதில்:
"அது பனிச்சாலைக்கு.
கடல் உறைந்தால் நாங்கள் அதன்மேல்தான்
மறுகரைக்கு வண்டி ஓட்டுகிறோம்.
காலடியில் விரிசல் விட்டால்
வாரை அவிழ்க்க நேரமிருக்காது.
தினமும் துளையிட்டுத் தடிமன் அளப்பது என் வேலை.
இன்று இருபத்தொன்பது சென்டிமீட்டர்."

நானும் இந்த நாட்டில் பிறந்தவள்தான்.
எட்டு வயதில் அந்தச் சாலையில்
பின்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன்,
ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டு,
குளிரில் காது மரத்துப்போக.
எப்படி மறந்தேன்?
மேசையும் நாற்காலியும்
ஆளை மறக்கடித்துவிடுகின்றன.

வெட்கத்தோடு கோப்பை மறுபடி திறந்தேன்.
நிறத்தை அணைத்தேன்.
சட்டத்துக்கு வெளியே, இடது கீழ் மூலையில்
இன்னொரு உரு.
நிரப்பு இல்லை, கோட்டுக்குக் கனமில்லை,
அச்சில் ஒருபோதும் வராது.
சின்னதாக ஒரு கார்,
மூக்கு கீழே சரிந்திருந்தது.
மற்ற அடுக்குகளுக்கெல்லாம் வெறும் எண்கள்.
இதற்கு மட்டும் ஒரு பெயர்:
ஊலோ.

எங்கள் விதி நான்கு சொல்கிறது:
உதிரிப் பாதைகளை நீக்குக.
எழுதிவைத்தவளே நான்தான்.

ஹீட்டரை ஒரு படி ஏற்றினேன்.
கையுறையைத் திருப்பிப் போட்டேன்.
பிறகு கேட்டேன்:
"சட்டத்துக்கு வெளியே ஒன்று இருக்கிறது.
தெரிந்தே விட்டதா?"

இந்த முறை ஏழு நிமிடம் இல்லை.
எமயோகிப் பாலத்தில் விளக்கெல்லாம் எரிந்து
கடைசிப் பேருந்துகூடப் போய்விட்டது.

"தெரியும்" என்று வந்தது.
"நீங்கள் எடுத்துவிடுங்கள்.
நான் மூன்று தடவை முயன்றேன்."

தேர்ந்தெடுத்தேன்.
ஒன்பது புள்ளிகள் நீலமாக ஒளிர்ந்தன.
ஒன்பதும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன;
ஒன்றைக்கூடக் குறைத்திருக்க முடியாது.
நீக்கு விசையை அழுத்தினேன்.
கோப்பின் எடை நானூற்றுச் சொச்சம் பைட் குறைந்தது.

விளக்கப் பெட்டியில் தட்டச்சு செய்தேன்:
இருக்கை வாரை அவிழ்க்கவும்.
பனிச்சாலையில் மட்டும்.
ஏற்கப்பட்டது.

இருபதாவது, வேகம்.
இருபத்தைந்துக்குக் கீழே,
இல்லையென்றால் நாற்பதுக்கு மேலே.
நடுவில் ஓட்டினால்
பனிக்கு அடியில் அலை எழும்பும் என்று
இந்தத் தடவை அவளே குறிப்பு எழுதியிருந்தாள்,
நான் கேட்பதற்கு முன்பே.

இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே
இடைவெளி ஒரு மயிரிழை அதிகம்.
அதை மட்டும் சொன்னேன்.