ஆடுகள் பதினாலாயிரம்

வட்டக்கச்சியில் வியாழன் இரவு வேதவாசிப்பு.
தகரக் கூரையில் வேப்பம்பழம் விழுகிற சத்தம்.
ஒன்பது பேருக்கு எட்டுக் கதிரை,
பியூலா வழக்கம்போல உரப்பையை விரித்துக் கீழே.

யோபுவின் கடைசி அதிகாரம்.
போதகர் தவச்செல்வனின் குரல் இளகியிருந்தது,
இழந்ததெல்லாம் திரும்பக் கிடைக்கிற இடம் அல்லவா.
எனக்குக் கேட்டதோ எண்கள்தான்.
பிரதேச செயலகத்தில் பதினொரு வருடம்
இழப்பீட்டுப் படிவங்களைக் கூட்டிக் கழித்த கை
தன்பாட்டில் பென்சிலைத் தேடியது.

முன்பு ஏழாயிரம் ஆடு. இப்போது பதினாலாயிரம்.
மூவாயிரம் ஒட்டகம். இப்போது ஆறாயிரம்.
ஏர்மாடு, கழுதை எல்லாமே இரண்டு மடங்கு.
பிள்ளைகள்
முன்பு பத்து.
இப்போதும் பத்து.

"போதகர், இதில கணக்கு இடிக்குது."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது.
பின்னால் யாரோ, "வேதத்தில பிழை பிடிக்க வந்திட்டா."
போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"விசுவாசமாய் வாசிச்சால் கேள்வி வராது, தங்கச்சி."

பியூலா பகலில் கண்ணிவெடி அகற்றுகிறவள்,
கொக்காவில் பக்கம், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்புப் போட்டு.
"கேள்வி வராத நிலத்திலதான் போதகர்
கால் போறது" என்றாள்.
"கருவி கத்தினால் நாங்கள் ஓடுறேல்லை.
முழங்காலில நிண்டு
விரலால விரலால மண்ணை விலக்குறம்.
அவமரியாதை எண்டு நிலம் சொல்லேல்லை."

அதற்குப் பிறகு ஒருவரையும் நிறுத்த முடியவில்லை.
பிந்திப் பிறந்த மூன்று பெட்டைகளுக்கும் பேர் இருக்கு,
வீடு இடிஞ்சு செத்த பத்துப் பேருக்கு ஏன் இல்லை?
யோபுவின்ர மனுசி எங்கே போனாள்?
ஒருக்கால் வாய் திறந்தாள், ஏச்சு வாங்கினாள்,
அதோட சரி.
பிறகு வந்த பத்தையும் பெத்தது ஆர்?
அவளிட்ட ஆரும் வாக்குமூலம் எடுக்கேல்லையோ?

மின்சாரம் போனது. டோர்ச் வெளிச்சத்தில்
போதகர் முன்னும் பின்னும் தாள் புரட்டினார்.
எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த கூட்டாளிகளோடுதான்
கடவுளுக்குக் கோபம்.
சாம்பலில் இருந்து கேட்டுக் கேட்டு அலுப்புக் கொடுத்தவனை
சரியாய்ப் பேசினான் என்கிறார்.
அந்த வரியை வாசித்துவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமலிருந்தார்.
"எத்தனை செத்தவீட்டில இதைப் பிரசங்கிச்சிருக்கிறன்,"
என்றார், "பிள்ளைகளை எண்ணேல்லை."

அப்போது நவமணி சொன்னாள்,
"இரட்டிப்புத்தான்.
செத்த ஆடு செத்ததுதான், அதால புதுசாய் எண்ணினது.
பிள்ளை அப்பிடியே?
பத்தும் பத்தும் இருபது."

நவமணியை எனக்குப் படிவத்தில் தெரியும்.
மீள்குடியேறிய அடுத்த வருடம், வரிசையில் நாற்பத்தோராவது ஆள்.
கோழி எத்தனை, மாடு எத்தனை, ஓடா ஓலையா,
பிள்ளைகள் எத்தனை?
நாலு, என்றாள்.
பக்கத்தில் ஒரு பொடியன், சேட்டில் பொத்தான் இல்லை.
நாலை வெட்டி ஒன்று என்று எழுதினேன்.
ஏன் நாலு என்கிறீர்கள் என்று
கேட்கவில்லை.
பின்னால் வரிசை நீளமாய் இருந்தது.
அந்த வெட்டுக்குப் பக்கத்தில் என் சுருக்கொப்பம் உண்டு.

அவள் சொன்னதுதான் விடையா, எனக்குத் தெரியாது.
இருபதை வைத்துக்கொண்டு ஒரு தாய்
பத்துக்குத்தானே சோறு போடமுடியும்?
இதையும் கேட்டேன்.
நவமணி சிரித்தாள் போலிருந்தது, இருட்டு.

வீட்டுக்கு வந்து அந்த வசனத்தின் ஓரத்தில்
இருபது என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
கீழே, யோபுவின் மனைவி, பெயர்:
கோடு மட்டும் இழுத்து விட்டிருக்கிறேன்.

அடுத்த வியாழன் சங்கீதம் தொடங்கலாம் என்றார் போதகர்.
இல்லை, என்றோம்,
யோபு இன்னும் முடியவில்லை.