நெஞ்சுத்துண்டு

பாகாவ் சாலை தோட்டத்துக்குத் திரும்பும் முனையில்,
புதன்கிழமை இரவுச் சந்தையில்,
தொடைகள் ஏழு மணிக்கே போய்விடும்.
மிச்சம் கிடப்பது நெஞ்சு.
பத்து மணிக்கு அது
காயப்போட்ட ரப்பர் ஷீட்டு மாதிரி வளையும்.

செம்பனை ஆலையில் லோரி ஓட்டும் கனகலிங்கம்
ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னான்:
“அக்கா, ஒங்க கோழிக்கு
நெஞ்சுல ஈரமே இல்லக்கா.”
பக்கத்தில் சத்தே விற்கும் ரொஹானாகூடச் சிரித்தாள்,
தமிழ் தெரியாமலே.

அன்றைக்கு நான் தூங்கவில்லை.
வேறு கவலை என்று உங்களிடம் சொல்லலாம்.
கோழிக்காகத்தான்.

பிறகு தெரிந்துகொண்டதெல்லாம்
வீணாய்ப் போன கறி சொல்லித்தான்.
உப்புத்தண்ணீரில் ஒரு ராத்திரி,
ஒரு கை சீனி, நசுக்கிய செராய், மஞ்சள்.
தோலை உரிக்கக் கூடாது.
எலும்பை எடுக்கவே கூடாது, அதுதான் காவல்.

மறுநடவுக்குச் சாய்த்த காட்டிலிருந்து
ஷொஹாக் மோட்டார்சைக்கிளில் விறகு கட்டி வருவான்.
கட்டு ஆறு வெள்ளி.
டாக்கா பக்கம் ஏதோ ஊர்; அங்கே மாமரம் எரிப்பார்களாம்.
பால்மரத்தைப் பச்சையாய் எரித்தால் துப்பும்,
கறியெல்லாம் புளித்த ஓட்டுப்பால் நாற்றம்.
தகரத்தின் கீழே மூன்று மாதம் கிடந்தால்
வாயை மூடிக்கொண்டு எரியும்.

பாதியாய் அறுத்த எண்ணெய்ப் பீப்பாயில்
கங்குகளை ஒரு பக்கம் ஒதுக்கி
மறுபக்கம் நெஞ்சை வைப்பேன்.
நெருப்பு பக்கத்தில் இருக்க வேண்டும்,
மேலே விழக் கூடாது.
கடைசியில் தோலை மட்டும் தீக்குக் காட்டி
பத்து எண்ணி எடுத்துவிடுவேன்.
வெந்துவிட்டது என்று தோன்றினால்
வெந்து தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம்தான் பெரிய வேலை:
சும்மா இருப்பது.
வாழையிலை மூடி ஐந்து நிமிடம்.
உடனே வெட்டினால் சாறு பலகைக்கு.
விட்டுவைத்தால்
எங்கிருந்து ஓடி வந்ததோ அங்கேயே திரும்பும்.
“வெட்டுங்கக்கா, நேரமாச்சு” என்பார்கள்.
“கோழிக்கே அவசரமில்ல, ஒனக்கென்ன?”

போன மாதம், மழை.
வரிசையில் ஐந்தாவதாகத் தினகரன் நின்றான்.
என் தம்பி.
அப்பாவின் இ.பி.எஃப். பணத்தோடு ஜொகூர் போனவன்.
ஏழு வருஷம்.
நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று
அவனை நான் சொல்லாத வீடு
இந்த ஊரில் இல்லை.

முன்னந்தலையில் மயிர் போயிருந்தது.
“ஒண்ணு” என்றான்.
“நெஞ்சா, தொடையா?”
எல்லாரிடமும் கேட்பதுபோல்தான் கேட்டேன்.
“எது இருக்கோ.”
“அஞ்சு நிமிஷம் ஆகும்.”

காற்று கூடாரத்தைத் தூக்கியது.
யாரும் சொல்லாமல்
கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.
படுதாவில் தேங்கிய தண்ணீர்
அவன் முழங்கை வழியாகச் சட்டைக்குள் போனது.
விடவில்லை.
இரண்டு நிமிடத்தில் வெட்டி
அனுப்பியிருக்கலாம் அவனை.
ஏழு நிமிடம் ஆகியிருக்கும் நான் இலையைத் தூக்கியபோது.

கத்தி இறங்கிய இடம் பளபளத்தது.
பலகையில் ஒரு சொட்டு இல்லை.

“எட்டு வெள்ளி.”
பத்து நீட்டினான்.
இரண்டை எண்ணி உள்ளங்கையில் வைத்தேன்.
சம்பால் மட்டும் கேட்காமல் ஊற்றினேன்.

நின்றபடியே தின்றான்.
நல்லாருக்கு என்று சொல்லவில்லை.
கடைசியில் விரலை நக்கினானாம்,
ரொஹானா சொன்னாள்.
நான் அப்போது கங்கைக் கிளறிக்கொண்டிருந்தேன்,
கிளறத் தேவையில்லாத கங்கை.

வழக்கமாகப் பதினெட்டு ஊறப்போடுவேன்.
நாளைக்கு வேண்டி இப்போது
பத்தொன்பது கிடக்கிறது உப்புத்தண்ணீரில்.
யாரும் வராவிட்டால்
கனகலிங்கத்துக்கு விற்றுவிடுவேன்.