வலது அறை

ஜெனரேட்டருக்கும் இங்கே மூச்சு வாங்குகிறது.
நாலாவது இழுப்பில்தான் பிடித்தது.
கம்பளிக் கூடாரத்துக்குள், வறட்டிப் புகைக்கு நடுவே
பெட்டியைத் திறந்து
ஜெல் குப்பியை அக்குளில் வைத்துச் சூடாக்கினேன்.
கடல் மட்டத்திலிருந்து மூவாயிரத்து அறுநூறு மீட்டர்.
கிர்கிஸ்தானில் கடலே கிடையாது.
ஆனாலும் உயரத்தை
அங்கிருந்துதான் எண்ணுகிறோம்.

எண் நாற்பத்தொன்று.
படிவத்தில் பெயர் வரக் கூடாது.
படிவத்துக்கு வெளியே அவர் தோக்தோசுன்,
நூற்றெழுபது ஆடு, ஒன்பது மாடு, நாலு யாக்.
பூட்ஸைக் கழற்றிப் படுத்தபோது
கணுக்காலில் காலுறையின் நூல் தடம்
வெகுநேரம் அழியாமல் கிடந்தது.

திரையில் வலது அறை.
பிறைபோல் ஒட்டிக் கிடக்க வேண்டியது
உப்பி, பக்கத்து அறையின் சுவரைத் தள்ளியிருந்தது.
காற்று மெலிந்த இடத்தில்
நுரையீரல் தன் குழாய்களை இறுக்கிக்கொள்ளும்.
இறுகிய குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி
மூட்டை தூக்குபவன் தோள்போல் இதயம் தடிக்கும்.
அப்புறம் தளரும்.
வால்வின் வழியே பின்னோக்கிப் பாயும் கீற்றை அளந்தேன்:
விநாடிக்கு மூன்று புள்ளி நான்கு மீட்டர்.

"கீழே இறங்கணும். அதுதானே?"
நான் வாய் திறக்கவில்லை.
"மாட்டுக்கும் வரும் இது. நெஞ்சுத் தொங்கலில் நீர் கோக்கும்.
கண்டதும் பள்ளத்தாக்குச் சந்தைக்கு ஓட்டிவிடுவேன்.
என்னை எந்தச் சந்தையில் விற்பாய்?
யாக்குக்கு மட்டும் ஏன் வருவதில்லை, அதைச் சொல்."
அதைத் தேடித்தான் வந்திருக்கிறோம் என்றேன்.
அது பதிலில்லை, இருவருக்கும் தெரியும்.

துடைக்கத் துணி எடுத்தேன்.
அதுவரை டார்ச் பிடித்து நின்ற புருல்ச்சா
"குப்பியில் மிச்சம் இருக்கிறதே" என்றாள்.
பால் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
அவன் படுத்த சூட்டிலேயே படுத்தாள்.
வாளி தூக்கினால் கொஞ்சம் இரைக்கும்,
வயசு, வேறென்ன.

மூன்று புள்ளி ஒன்பது.
கருவியை நகர்த்தி வேறு கோணத்தில் பார்த்தேன்.
மூன்று புள்ளி ஒன்பது.

டார்ச் இப்போது அவர் கையில், ஆடியது.
பத்து நிமிடத்தில்
அவர் திரையைப் படிக்கக் கற்றிருந்தார்.

'நாற்பதைக் கடந்த ஆண் மேய்ப்பர்கள்'
என்கிறது எங்கள் திட்டவரைவு.
பிஷ்கெக்கில், ஹீட்டர் போட்ட அறையில் எழுதியது.
எழுதியவர்களில் நானும் ஒருத்தி.
தண்ணீர் சுமப்பது யார்,
விடியுமுன் எழுந்து கறப்பது யார்
என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.
என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசி வரிசைக்குக் கீழே
அளவுகோல் இல்லாமல் ஒரு கோடு இழுத்தேன். கோணல்.
நாற்பத்திரண்டு வேறொருவருக்கு ஒதுக்கியாகிவிட்டது.
அதனால் எழுதக் கூடாததை,
அவள் பெயரை,
முழுதாக எழுதினேன்.

நெஞ்சில் ஜெல் காயும் முன்பே எழுந்து
மாலைக் கறவைக்கு வாளியைத் தேடினாள்.
வாளி தோக்தோசுன் கையில் இருந்தது.
வாசல் தாண்டும்போது
அவருக்கும் இரைத்தது.