இரண்டு அங்குலம்

அகுரேரியில் நவம்பர்; மூன்றரைக்கே இருட்டு.
ஓர்ரி சுரண்டச் சுரண்ட
பச்சைக்குக் கீழே சிவப்பு,
சிவப்புக்குக் கீழே எவரோ பூசிய நீலம்.

ஹில்டுர் சக்கர வளைவை அறுத்தாள்,
முப்பத்தெட்டு அங்குல டயருக்கு.
தீப்பொறி ஒன்று காபிக்குள் விழுந்தது.
குடித்துவிட்டாள்.

நாலு குளிர்காலம்.
கியர்பாக்ஸ் வேறொரு ஜீப்புடையது,
ஸ்டியரிங் இன்னொன்றுடையது.
ஹாரன் மட்டும் அதற்கே சொந்தம்;
அதுவும் ஊதாது.

இன்று உறுமியது.
கராஜ் கதவைத் தூக்கினால்
நிலையைவிட வண்டி
இரண்டு அங்குலம் உசத்தி.

ஓர்ரி சுவரைப் பார்த்தான்,
சம்மட்டியைப் பார்த்தான்.
ஹில்டுர் குந்தி உட்கார்ந்து
வால்வு மூடியைத் திருகினாள்:
பனியாற்றின்மேல் ஏறக் காற்றை இறக்குவோமே,
அதேதான்.

புஸ்ஸென்று நாலு டயரும் சப்பிப்போக,
தலை இடிக்காமல்
தெருவுக்கு வந்தது.

அப்புறம்தான் பேச்சு,
பம்ப்பை யாருக்கு இரவல் கொடுத்தோம் என்று.