மூன்று பவுண்டு காற்று

முதலில் அட்டையில் செய்தோம்.
டெல்மர் வீட்டு டயப்பர் பெட்டி அது,
மேலே சிரிக்கும் ஒரு யானைக்குட்டி.
முப்பத்தொன்றாம் வருடத்து ஃபோர்டின் அடியில்
மல்லாந்து படுத்து
சட்டத்துக்கும் பின்னச்சுக்கும் நடுவே செருகினேன்.
இடித்த இடமெல்லாம் வெட்டினேன்.
எல்லாம் போக எஞ்சிய இடம் எதுவோ
அதுதான் டாங்கின் வடிவம்:
ஒரு தோள் சரிந்து, ஒரு மூலை மழுங்கி,
எந்தக் கடையிலும் விற்காத ஒன்று.

பிறகு அலுமினியத் தகடு.
உள்ளே மூன்று தடுப்புகள், ஒவ்வொன்றிலும் துளைகள்.
வளைவில் திரும்பும்போது பெட்ரோல்
கூட்டமாக ஒரே பக்கம் ஓடக் கூடாது,
வரிசையில் வரட்டும்.

அலுமினியம் சிவக்காது.
இரும்பைப் போல முன்கூட்டிச் சொல்லாது.
வெல்டிங் சுடரின் கீழ் பளபளவென்று நின்று
சட்டென்று துளை விழுந்துவிடும்.
"உன் அக்கா இப்படித்தான்" என்றான் டெல்மர்.
நான் முகமூடியைத் தூக்கவில்லை.

மினாட்டில் பிப்ரவரி.
எல்லா வாயையும் அடைத்து
மூன்று பவுண்டு காற்று ஏற்றி
பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவினோம்.
கீழ் மூலையில் ஒரே ஒரு குமிழி,
மெல்லப் பருத்து, என்னைப் பார்த்தது.
ராவினேன். மறுபடி பற்றவைத்தேன்.
பதினொன்றரைக்குக் குமிழி இல்லை.
விடியும்வரை முள் நிற்குமா?
ஒரு பெட்டி பியர் பந்தயம்.

காலையில் முள் ஒன்றரையில்.

டெல்மர் எதுவும் சொல்லவில்லை,
விரலால் பியர் திறப்பதுபோல் செய்துகாட்டினான்.
ஒவ்வொரு தையலிலும் காது வைத்தேன்,
காது ஒட்டிக்கொண்டது.
சோப்பு வாளிக்குக் கை போனது.
ஸ்பாஞ்சு வரவில்லை.
இழுத்தால் வாளியே கூட வந்தது,
தண்ணீர் பாறையாக.

அப்போதுதான் இருவரும் ஹீட்டரைப் பார்த்தோம்.
ராத்திரி எப்போதோ நின்றிருக்கிறது,
அதன் தொட்டியில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லை.

ஊற்றினோம். பற்றவைத்தோம்.
கவிழ்த்த வாளிகளில் உட்கார முடியாது,
வாளி ஒன்றுதான், அதுவும் நிரம்பி உறைந்தது.
நின்றபடியே காப்பி.
எட்டே முக்காலுக்கு முள் இரண்டு.
டெல்மர் வேலைக்குப் போன் செய்து
குழந்தைக்குக் காய்ச்சல் என்றான்.
பத்தரை தாண்டி
மூன்றின் கோட்டைத் தொட்டது, நின்றது.
காற்று எங்கும் போகவில்லை.
குளிருக்கு ஒடுங்கிப் படுத்திருக்கிறது,
அவ்வளவுதான்.

பியர் யார் வாங்குவது?
அந்தச் சண்டை மதியம்வரை ஓடியது.
மூலையில் அட்டை டாங்க்,
தான் ஒருநாளும் கசிந்ததே இல்லை என்ற முகத்தோடு,
யானை சிரித்துக்கொண்டிருந்தது.