அறுபத்திரண்டுக்கு முப்பத்தெட்டு

மாதம் பிறந்ததும் வந்துவிடும் ஒடெட்டின் உறை.
முன்பு மளிகைப் பட்டியல் எழுதுவாளே
அதே சாய்ந்த கையெழுத்தில் என் பெயர்.
உள்ளே ரசீதுகள். கடிதம் இருக்காது.

சாப்பாடு, கூரை, குளிர் அங்கி: இவை அடிப்படை.
அதற்குத்தான் ஒன்றாம் தேதி
என் சம்பளத்திலிருந்து தானாகக் கழன்று போகிறது ஒரு தொகை.
அதற்கு மேல் எது வந்தாலும் கூடுதல்.
கூடுதலில் நூற்றுக்கு அறுபத்திரண்டு நான்,
முப்பத்தெட்டு அவள்.
பிராண்டன் தெருக்களில் உப்புலாரி ஓட்டி நான் சம்பாதித்ததையும்
பல் மருத்துவமனையில் போன் எடுத்து அவள் சம்பாதித்ததையும்
ஒரு தாளில் கூட்டி வகுத்து
நீதிமன்றம் தந்த எண்.
சேர்ந்திருந்த ஒன்பது வருடமும்
யார் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது.

பனிக்காலணி அடிப்படை.
சறுக்குக் காலணி கூடுதல்.
இரண்டுக்கும் ஒரே கால்தான்.

கோல் காப்பவளின் கால்கவசம் வந்த மாதம்:
"என்னைக் கேட்காமல் ஏன் வாங்கினாய்?"
"கேட்டிருந்தால் வாங்கியிருக்க முடியுமா?"
இந்த இரண்டு வரியைத்தான்
நான்கு குளிர்காலமாய்
மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்கிறோம்.

ஒருமுறை பிறந்தநாள் கேக்குக்கும் ரசீது வந்தது.
எட்டு மெழுகுவர்த்தி.
என் பங்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு
என்று கணக்குப் போட்டேன்.
அப்போது வெட்கமாக இல்லை.

இந்த ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
வலைக்கு முன்னால் கொரின்.
பக் உள்ளே போன பிறகுதான்
அவள் கை நகர்கிறது.
மூன்றாவது கோலுக்குப் பிறகு கோச் டஸ்டி
பலகைச் சுவரில் சாய்ந்து மெல்லக் கேட்டார்,
"ரஸ், பிள்ளைக்குக் கண் தெரிகிறதா?"

வண்டியில் ஹீட்டர் சூடேறும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.
பிறகு பையிலிருந்து எடுத்தாள்:
வலது வில்லையில் விரிசல்,
காதுக்கம்பியில்
மட்டைக்குச் சுற்றும் கறுப்பு நாடா.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் என் வீட்டுப் படியில் உடைந்ததாம்.
அம்மாவிடம், அப்பா புதுசு சொல்லியிருக்கார் என்றாள்.
என்னிடம், அம்மா வீட்டில் மறந்துவிட்டேன் என்றாள்.
ஆறு வாரம் நம்பினேன்.
விசாரிக்க ஒரு போன் போதும்.
போன் போட்டால்
கால்கவசத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்குமே.

"ஏம்மா சொல்லல?"

"அம்மா வாங்கினது. உங்க வீட்ல உடைஞ்சது.
அது யார் கணக்குல வரும்னு தெரியல."
கண்ணாடி ஜன்னலில் மூச்சு விட்டு
விரலால் ஏதோ கிறுக்கி அழித்தாள்.
"ஸ்கூல்ல சதவீதம் நடத்தினாங்கப்பா.
போர்டு ஒண்ணுமே தெரியல.
பரவால்ல. அது எனக்கு முன்னாடியே தெரியும்."

சனிக்கிழமை, திருமதி ஃபிரீசனின் கடை.
வேலை உடுப்போடு நேரே வந்திருந்தாள் ஒடெட்.
கொரின் ஒவ்வொரு பிரேமிலும்
முதலில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்,
பிறகுதான் மாட்டிக்கொண்டாள்.
நான்காவதில் ஒடெட் கையை நீட்டி
சீட்டை வெடுக்கென்று பிய்த்தாள்.
அடுத்ததை நான் பிய்த்தேன்.
திருமதி ஃபிரீசன் பார்த்தும் பாராததுபோல்
மேசை விளக்கைத் துடைத்தார்.

"ஒரே ரசீது போதுமா, இரண்டாகப் போடணுமா?"

இருவரும் ஒன்றாக வாய் திறந்தோம்.
ஒன்றாக மூடினோம்.
என் அட்டை கல்லாமேல் இருந்தது, அவளுடையதும்.
எது முதலில் இழுபட்டதென்று
நான் கவனிக்கவில்லை என்று சொன்னால்
பொய். கவனித்தேன்.
சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி உறை வந்தது, வழக்கம்போல்.
சறுக்குக் காலணி தீட்டியது, பதினொரு டாலர்.
வின்னிபெக் போட்டிக்குப் பேருந்து.
அறுபத்திரண்டு, முப்பத்தெட்டு, மாற்றமில்லை.
கண்ணாடிக்கான ரசீது மட்டும் அதில் இல்லை.
என்னிடமும் இல்லை.

கொரினிடம் கேட்க
எனக்குத் தைரியம் வரவில்லை.