தண்ணீர்த் தரிப்பு

இந்த ஊரைப் பெற்றது ஒரு தாகம்.
மனிசருடையது இல்லை, கோச்சியுடையது.
புணானை தாண்டி, வாழைச்சேனை வருமுன்னே
ஒரு கச்சான் வெயிலில்
எஞ்சின் இளைத்து நின்றுவிட்டது.
ஓவசியர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு
இங்கே ஒரு தாங்கி வேணும் என்றார்.
அவ்வளவுதான் கால்கோள்.

முதலில் வந்தவன் பத்தக்குட்டி, கிணறு தோண்ட.
பதினெட்டு முழத்தில் பாறை.
இருபத்தொன்றில் ஈரம்.
இருபத்துமூன்றில் தம்பிக்குக் காய்ச்சல்.
பாலை மரத்தடியில் தம்பியைப் புதைத்துவிட்டு
பின்னேரம் கிணற்றில் இறங்கினான்.
கூலிப் புத்தகத்தில் அந்த நாளுக்கு
அரைச் சம்பளம்.

மறுகா பம்புக்குக் குஞ்ஞப்பன்,
சிலிப்பர் கட்டை அறுக்கப் பொடிஹாமி,
ஏறாவூரிலிருந்து சீனி, சுருட்டு, மண்ணெண்ணெயோடு
ஆதம்பாவா.
கடைக்குக் கூரை வருமுன்னே
கடன் கொப்பி வந்துவிட்டது.
அவன் பெண்சாதி சுலைஹா உம்மா
சாக்கு மறைப்புக்குள் தலைப்பிள்ளை பெற்ற இரவு
தாங்கியில் ஒழுகிய தண்ணீரை
சிறுத்தை நக்கும் சத்தம் கேட்டதாம்.
பிள்ளை அழவில்லை, அதற்குப் பயந்து
எல்லாரும் அழுதார்களாம்.

பலகையில் எழுத ஊர்ப் பேர் கேட்டார்கள்.
நாலு பாஷையில் ஏழு பேர் கிடைத்தது.
பெயின்டர் சலித்து
மைல் இலக்கத்தை மட்டும் எழுதிப் போனான்.
கடிதங்கள் அந்த இலக்கத்துக்கே வந்தன.

டீசல் வந்தது.
அதற்குத் தாகமில்லை,
முகம் திருப்பாமல் போனது.
நிறுத்தச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை என்று
கிழக் குஞ்ஞப்பன் மூன்று மாதம்
தாங்கியை நிரப்பிக்கொண்டே இருந்தான்.

சண்டையில் பொடிஹாமி அறுத்த கட்டைகள்
பங்கருக்குப் போயின,
எந்தப் பக்கத்துப் பங்கர் என்று கேட்காதே.
நாங்கள் கடற்பக்கம் ஓடினோம்,
ஆதம்பாவா வீட்டார் மற்றப் பக்கம்.
திரும்பி வந்தபோது தாங்கியில் பதினேழு துளை.
எண்ணியது நான்.
எனக்கு எட்டு வயது, எண்ணப் படித்த புதிசு.

கிணறு வற்றவில்லை.
காரணம் போயும் காரியம் இருக்கிறது.

இப்போது இரவுக் கோச்சி இங்கே வேகம் குறைக்கும்,
எங்களுக்காக இல்லை, யானைக்காக.
ஆள் நடக்கிற வேகம்.
அதில்தான் பாய்ந்து இறங்குவாள்
ஆதம்பாவாவின் கொள்ளுப்பேத்தி றிஸ்மியா,
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி நர்ஸ்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
நான் டோர்ச் அடிப்பேன்.
அட்டவணையில் இல்லாத தரிப்பு.

"யானை நிக்கிதா?"
"நிக்கிது."
"எங்க?"
"தாங்கிக்கடியில. தண்ணி குடிக்கிது."